ஒரே சட்டிக் கறி

“கிடாய் அறுக்க நான் வரமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ.”

அஸாம் படலையைத் திறக்காமலே சொன்னார். வெளியே பக்கத்து வீட்டு அமிர்தநாயகம் கலியாணக் கார்டோடு நின்றார்.

அமிர்தநாயகம் வீட்டில் எந்த விசேஷமென்றாலும் கிடாயை அஸாம்தான் பிஸ்மி சொல்லி அறுப்பார். அப்போதுதான் தெருவிலுள்ள வேதக்காரரான கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே சட்டியில் சாப்பிடலாம்.

“என்ன அஸாம், உடம்புக்குச் சரியில்லையோ?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“என்ர மகள் றெபேக்காவின்ர கலியாணமடாப்பா. நீ அறுக்காட்டி உங்கட ஆக்கள் எப்பிடிச் சாப்பிடுறது?”

“நாங்கள் சாப்பிடாட்டி என்ன? எங்கட சாமான் உங்களிட்ட இருந்தாக் காணும்தானே.”

அமிர்தநாயகத்துக்கு விளங்கிவிட்டது. முகம் சுருங்கியது.

“ஆர் சொன்னது?”

“கோட்டில நீங்கள்தானே சொன்னீங்கள். என்ர மருமகன் ஸறூக் தன்ர காணிக் கேசுக்கு வந்து பின்னால இருந்தவன். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் விட்டிட்டுப் போன வீட்டில எடுத்தனான் எண்டு சொன்னீங்களாம். சொன்னனீங்களோ, இல்லையோ?”

“சொன்னனான்தான்.”

அமிர்தநாயகம் கார்டைப் படலையில் செருகிவிட்டுப் போனார்.

உள்ளே நிஸ்லா, “என்ன எடுத்தவர், ஏன் எடுத்தவர் எண்டு ஒருக்கா கேட்டிருக்கலாம்” என்றாள்.

“கேக்க என்ன இருக்கு? ஆளே ஒத்துக்கொண்டிட்டார்.”

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அஸாமுக்குப் பதினெட்டு வயது. கையில் ஒரு பையோடு போனவர், புத்தளத்து முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கூரை ஓடுகளையும் கதவையும் யார் கொண்டுபோனது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.

ஆனால் அமிர்தநாயகம் அண்ணையை மட்டும் அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

“என்ர கத்தியையும் திருப்பித் தராமல் அமத்தினவர்தானே” என்றார் நிஸ்லாவிடம்.

அது வேறு கதை. ஐந்து வருடத்துக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருடம் முஸ்லிம் வீட்டில் நீளமாக ஒரு கத்தி இருந்தாலே கேள்விதான். பெருநாள் குர்பானுக்குக் கிடாய் அறுக்கிற கத்தி அது. முகாமில் இருந்த நாளில் வாப்பா பிடியில் அறபில் பிஸ்மி செதுக்கிக் கொடுத்தது. அதை மதிலுக்கு மேலால் அமிர்தநாயகத்திடம் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு இரண்டு மாதம் புத்தளத்தில் போய் இருந்தார். திரும்பி வந்து கேட்டபோது, “எங்கயோ வைச்சிட்டன்” என்றார் அமிர்தநாயகம். பிறகு கேட்டபோதும் அதே பதில்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அஸாம் நாலு பேரிடம் சொன்னார். பின்னேர அஸர் தொழுகைக்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது. விசாரிக்காமல் ஒருத்தரைக் குற்றவாளியாக்கினால் எப்படி வலிக்கும் என்று அந்தத் தெருவில் தெரியாத ஆளில்லை. தெரிந்தும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை கலியாணம். அமிர்தநாயகம் எருக்கலம்பிட்டியில் இருந்து ஒரு முஸ்லிம் ஆளைக் கூட்டிவந்து கிடாய் அறுப்பித்தார். பந்தலில் ஒரு பக்கம் பாய் விரித்து, முஸ்லிம்களுக்கு என்று சேர்ந்திருந்து சாப்பிடும் சஹன் தட்டும் அடுக்கியிருந்தது.

ஒருவரும் போகவில்லை.

அஸாம் யன்னலால் பார்த்தார். பெண்ணின் தகப்பன் புதுச் சட்டையோடு மூன்று மணி வரை தெருவைப் பார்த்தபடி நின்றார்.

பின்னேரம் றஞ்சிதம் வந்தாள். அமிர்தநாயகத்தின் மனைவி. கலியாணச் சீலை மாற்றவில்லை. கையில் மூடின சட்டி.

“உங்கட ஆள் பிஸ்மி சொல்லி அறுத்ததுதான், நிஸ்லா. பாயில ஒருத்தரும் வந்து இருக்கேல்ல. பேரப்பிள்ளையளுக்குக் குடுங்கோ.”

நிஸ்லா கை நீட்டினாள். அஸாம் குறுக்கே வந்தார்.

“களவெடுத்த வீட்டுக் கறி எங்கட பிள்ளையளுக்கு வேண்டாம், அக்கா.”

றஞ்சிதம் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. சட்டியை முற்றத்துக் கதிரையில் வைத்தாள்.

“கேஸ் நேற்றுத்தான் முடிஞ்சது. இனிச் சொல்லலாம். நீங்கள் புத்தளத்தில இருக்கேக்க எங்கட வீட்டையும் பொலிஸ் சோதிச்சு, கேஸ் போட்டவங்கள், தம்பி.”

“அண்ணை அதைச் சொல்லேல்லயே.”

“சொன்னா நீங்கள் ஓடிப்போய், அது என்ர கத்தி எண்டு சொல்லிப்போடுவீங்களாம். என்னையும் வாய் திறக்க விடேல்ல. அஞ்சு வருசம் தவணைக்குத் தவணை தனியத்தான் கோட்டுக்குப் போய் வந்தவர்.”

அஸாம் மதில் பக்கம் திரும்பினார்.

“வேதக்காரன்ர வீட்டில அறபு எழுதின கத்தி எப்பிடி வந்தது, ஆர் தந்தது எண்டு துருவித் துருவிக் கேட்டாங்கள். என்ர கலியாணச் சீலைக்குள்ள சுத்தி வைச்சிருந்த கத்தி.”

அவள் திரும்பி நடந்தாள். படலையடியில் ஒருக்கால் நின்றாள்.

“உங்கட பேர் வாயில வரக்கூடாதெண்டுதான், தம்பி, அந்த மனிசன் கோட்டில தன்னைக் கள்ளன் எண்டு சொன்னது.”