கடைசி இரண்டு வரி

நடுவர் குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாவலின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

மேடையில் நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பு நாவலுக்கான பரிசு இந்த வருஷம் அவருக்கு.

இறுதிப் பட்டியல் வந்த மூன்று மாதமாக, "பரிசெல்லாம் நமக்கெதுக்கு சார்" என்று தான் குடியிருக்கும் காக்ஸ் டவுன் பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். ஆனால் பேப்பர்காரரைக் காலையில் தெருமுனையிலேயே மடக்கிவிடுவார். டெலிபோன் அடித்தால் சோப்பு நுரையோடு ஓடி வருவார். பாதி ராங் நம்பராக இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் நாவலைக் கன்னடத்தில் எழுதிய சீனிவாசராகவன். மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தன் நாவலின் தமிழ்ப் புத்தகத்தில் அவர் இதுவரை ரசித்தது, பின்னட்டையிலிருந்த தன் போட்டோவை மட்டும்தான்.

தலைவர் வாசித்தார்.

இருபது வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டு ஓடிப்போன கணவன் திரும்பி வருகிறான். மழையில் நனைந்தபடி வாசலில் நிற்கிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான்.

கன்னடத்தில் நாவல் அங்கே முடிந்துவிடும்.

தலைவர் நிறுத்தவில்லை.

'கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. செருப்பை வெளியிலேயே விடு என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.'

அரங்கம் சிரித்தது. அப்புறம் சட்டென்று அமைதியானது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இரண்டு வரிக்காகவே நடுவர்கள் ஐந்து பேரும் ஒருமனதாக முடிவெடுத்ததாகத் தலைவர் சொன்னார். கன்னடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் சிரமத்தை ஐவரில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை போலும்.



சீனிவாசராகவன் நாராயணசாமியின் காதருகே சாய்ந்தார். "ஏன்ரீ நாராயணசாமி, இது நான் எழுதினதா?"

நாராயணசாமி யோசித்தார். மைக்கைப் பிடித்து இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாமா? பரிசும் போகும், மானமும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு இந்த மனுஷரே பேப்பருக்குச் சொல்லிவிடுவார்.

சீனிவாசராகவன் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த பதிப்புல கன்னடத்துலயும் போட்டுடறேன். முன்னுரையில உங்க பேரைச் சொல்லிடலாம்."

உங்க பேரை. சிக்கலே அதில்தான்.

நாராயணசாமியும் அந்த வரிகளை இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்கிறார்.

கண் ஆபரேஷன் முடிந்து அவர் கட்டோடு படுத்திருந்த மாதத்தில், அவருடைய கிறுக்கலைப் பிரித்துப் படித்து அச்சகத்துக்கு நல்ல பிரதி எழுதிக் கொடுத்தது மனைவி ஜானகி. புரூஃப் பார்த்ததும் அவள்தான். புத்தகம் வந்த பிறகு, நாம் எழுதியதுதானே என்று அவர் கடைசிப் பக்கம்வரை போகவே இல்லை.

கூட்டத்தில் அவளைத் தேடினார்.

மூன்றாவது வரிசையில் இருந்தாள். சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜானகி மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பாராட்டை வாங்கிக்கொள்கிறவளைப் போல லேசாகத் தலை சாய்த்தாள்.