கசிந்தால்தான் தெரியும்

வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிந்து, தார் போலக் கறுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது எனக்கு. செத்த எலியை வெல்லப்பாகில் ஊறப்போட்ட நாற்றம். கீழே கேண்டீனில் சாம்பாரே திரிந்துவிட்டதாகக் கேள்வி. டாக்டர் மதிவதனி என் தொடை வழியே ஒல்லிக் குழாயை ஏற்றி, சாயம் செலுத்தி, திரையில் ஓட்டையைத் தேடினார். கண்டுபிடித்தால் அங்கேயே அடைத்துவிடலாம். கசிவையே காணோம்.

“நின்னுபோச்சுப்பா. கசிஞ்சாத்தான் இடம் தெரியும். இப்படியே அனுப்பினா மறுபடி பிச்சுக்கும், உயிருக்கே ஆபத்து.”

“நிக்கணும்னு என் சம்சாரம் மொட்டை போடறதா வேண்டியிருக்கா, டாக்டரம்மா.”

“வாபஸ் வாங்கச் சொல்லுங்க!”

நர்ஸ் ஸ்டெல்லா நிஜமாகவே வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கதவு சாத்துவதற்குள் என் குடல் லாரி போல் உறுமியது. அடியில் வெதுவெதுப்பாய்ப் பரவி, மேஜை விளிம்பில் வழிந்து, டாக்டரின் செருப்புக்குள் சொட்டியது.

“ஐயய்யே, குமட்டுது மேடம்!”

“வந்துடுச்சு ஸ்டெல்லா!” டாக்டர் குதித்தார். திரையில் ஒரு இரத்தநாளக் கிளையின் நுனியில் சாயம் கறுப்புப் புகையாய்ப் பூத்தது. “அசையாதீங்கப்பா, மூச்சைப் பிடிங்க!”

அந்த அறையில் அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.