தடியன் ஏற மாட்டான்

"ஏறுடா தடியா. மலை உச்சிக்கா ஏறச் சொல்றேன்? ஒரு சாண் உயரம்."

பயிற்சியாளர் தரையில் மண்டி போட்டு, வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை டிரெட்மில் பட்டையின் ஓரத்தில் வைத்தார். நாய் மூக்கை மட்டும் நீட்டி முகர்ந்தது. பிறகு முன்னங்கால்கள் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

"பயம்" என்றார் அவர். "சில நாய்ங்களுக்கு மெஷின் சத்தமே ஆகாது. அதான் இன்னும் சுவிட்சைத் தொடவே இல்ல. அப்பவும் பாருங்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்."

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அவன் தலையாட்டினான். இடது கையில் டீக் கோப்பை. வலது கை முழங்கால் மேல் கவிழ்ந்திருந்தது.

டிரெட்மில் அவன் மனைவியுடையது. அவள் போன பிறகு அதன் மேல் துவைத்த துணிகள்தான் ஏறி இறங்கின. அவளுடைய நாயும் வாசலைத் தாண்ட மறுத்தது. தின்றது, தூங்கியது, பெருத்தது.

கால்நடை மருத்துவர் அதன் பின்னங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா நிக்கக்கூட முடியாமப் போயிடும். வீட்டுக்குள்ளயாவது தினம் நடக்க வைங்க" என்று சொல்லி, இந்தப் பயிற்சியாளரை அனுப்பிவைத்தார்.

'மாஸ்டர்' என்றுதான் அவன் கூப்பிடுவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தால், மறுபடி மாட்டும்வரை நிறுத்தமாட்டார். அவர் வரும் சாயங்காலங்களில்தான் அலமாரியிலிருந்து இரண்டாவது கோப்பை இறங்கும்.

அவசரப்படுத்தக் கூடாது, கயிற்றை இயந்திரத்தில் கட்டவே கூடாது என்பார். போன தடவை, "சுவத்தைப் பாத்துக்கிட்டு எந்த நாயாவது நடக்குமா தம்பி?" என்று அவனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, டிரெட்மில்லை ஜன்னல் பக்கம் திருப்பினார். அடியிலிருந்து ஒரு முடிக் கிளிப் கிடைத்தது. மாஸ்டரின் பேச்சு அன்றுதான் முதல்முறையாக நின்றது. அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தடியா! டேய்! இங்க பாரு!" மாஸ்டர் கை தட்டினார். "என்ன தம்பி இது, பேர் சொன்னா காதைக்கூட ஆட்டமாட்டேங்குது? செவிடா?"

"அவளுக்கு வீட்லேர்ந்தே போன்ல பேசற வேலை மாஸ்டர். நாள் முழுக்க யாராவது லைன்ல இருப்பாங்க, சத்தம் போட முடியாது. எல்லாத்தையும் கைசாடையிலயே பழக்கிட்டா."

"அடடே! என் வீட்டுக்காரியும் என்னை அப்படிப் பழக்கியிருக்கலாம். அவ கூப்பிட்டா அடுத்த தெருக்காரன் என்னன்னு கேக்கறான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. டீ ஆறிப்போயிருந்ததைப் பார்த்து, கோப்பையை வலது கைக்கு மாற்றி ஒரு வாய் குடித்தான்.

தடியன் எழுந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பட்டையின் மேல் வைத்தது.

"அப்படித்தான்... என் தங்கமே... இன்னொரு கால்..." மாஸ்டரின் குரல் குழைந்தது. "ஏறிட்டான்னா என் வேலை முடிஞ்சுது தம்பி. அப்புறம் என் தொல்லையே உங்களுக்கு இல்ல."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். மூச்சைப் பிடித்தபடி, முழங்காலை வலது கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தடியன் மாஸ்டரின் தோளைத் தாண்டி அவனைப் பார்த்தது. காலை எடுத்துக்கொண்டு, பழையபடி படுத்துவிட்டது.

"பாத்தீங்களா? கண்ணு பூரா உங்க மேலதான். அவ்வளவு பாசம்!" மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எத்தனையோ நாயை ஏத்தியிருக்கேன். இவன்கிட்ட நான் தோத்துட்டேன் தம்பி. டாக்டர்கிட்ட சொல்லிடறேன், வேற யாரையாவது அனுப்புவாரு."

"வேண்டாம் மாஸ்டர்." குரல் உயர்ந்துவிட்டது. அவன் தணித்துக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. நீங்களும் விட்டுட்டா..."



மாஸ்டர் அவன் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். "சரி, சரி. நாளைக்குக் கோழி கொண்டு வரேன். அதுக்கும் மசியலன்னா இவன் நாயே இல்ல, நம்ம வீட்டு மாப்பிள்ளை! நீங்க உட்காருங்க, கதவை நானே சாத்திக்கறேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. வண்டி கிளம்பியது, தெரு முனையில் திரும்பியது, பிறகு அதுவும் கேட்கவில்லை. வீட்டில் குளிர்பெட்டியின் முனகல் மட்டும் மிஞ்சியது.

அவன் முழங்கால் மேலிருந்த கையைத் தூக்கி, விரல்களை மெல்ல மேல்நோக்கி அசைத்தான்.

தடியன் ஒரே தாவலில் டிரெட்மில்லில் ஏறியது. ஈரலை விழுங்கியது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.

அவன் பொத்தானை அழுத்தினான். பட்டை நகர்ந்தது. காதுகள் குலுங்க, வழக்கமான வேகத்தில் தடியன் நடக்க ஆரம்பித்தது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் முதுகில் கை வைத்தான்.

"நாளைக்கும் அவர் முன்னாடி ஏறிடாதடா."