மூன்றாம் பக்கத்துப் பெண்

டாக்டர் ஜெசிந்தாவின் பழைய இதயநோய்க் கட்டுரையை அன்று காலை மட்டும் நாலாயிரம் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. எல்லாம் இயந்திரங்கள் எழுதியவை, படிப்பதும் இயந்திரங்கள்தான். சுவர்த்திரையின் ஓரத்தில் ‘இவ்வாண்டு படித்த மனிதர்கள்’ என்ற இடத்தில் வழக்கம்போலப் பூஜ்யம்.

முன்பெல்லாம் கட்டுரையின் பிரதி கேட்டு வெளிநாட்டு டாக்டர்கள் தபால் அட்டை போடுவார்கள். அவள் பதில் எழுதுவதற்குள் கணவர் அருளப்பன் தபால்தலைக்கு ஆசைப்பட்டு அட்டையோடு தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார். முகவரி கரைந்துபோகும். எத்தனை சண்டை!

மாலையில் பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.

“என்னங்க, யாரோ படிச்சிருக்காங்க!” என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அருளப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் மடியிலிருந்த கைத்திரையில் அவளுடைய கட்டுரை.

“பாதி புரியல ஜெசி. மூணாம் பக்கத்துல, வால்வு கெட்டுப்போன ஒரு பொண்ணு வருதே, இருபது வயசு... அது பொழைச்சுதா?”

மேற்கோள் காட்டிய ஒருவரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. ஜெசிந்தா மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பொழைச்சா. பேரு பரிமளா. கல்யாணமாகி மலேசியா போய், நல்லா இருக்கேன்னு அட்டை போட்டா. அந்த அட்ரஸையும் நீங்கதான் தண்ணியில கரைச்சீங்க.”