பட்டைக் கேபிள்

"கேபிள் இப்ப இல்ல" என்றாள் பூட்டு அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

"இல்லன்னா எப்படிக்கா? மூணு மணிக்கு எனக்கு கமிட்டி."

"மூணுக்குத்தானே? இப்ப மணி பத்தரை. போய் வேலையப் பாரு."

சேர்ந்து ஆறு மாதமாகியும் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கேபிள் கேட்டு நின்றவளுக்குப் பெயர் 'புதுசு'தான். இன்று கமிட்டி தலையசைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம். ஆறு மாத முடிவுகளையும் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். அவையோ, சோதனை இயந்திரத்தோடு வந்த பழைய லேப்டாப்பில் மட்டுமே திறக்கும்.

அந்த லேப்டாப்பைச் செய்த புண்ணியவானை நினைத்தாலே புதுசு பல்லைக் கடிப்பாள். ஊரில் உள்ள லேப்டாப்புக்கெல்லாம் ஒரு மாதிரி ஓட்டை என்றால், இதற்கு மட்டும் முதுகில் சீப்பு அகலத்துக்குத் தனி ஓட்டை. பெரிய திரையோடு இணைக்க, அதற்குள் நாற்பது ஊசி வைத்த பட்டைக் கேபிள் ஒன்றுதான் போகும். செய்த கம்பெனியே அதை மறந்து பத்து வருஷம் ஆகிறது. கடைகளில் கேட்டால், மியூசியத்தில் விசாரிக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மொத்த ஆபீஸுக்கும் மிஞ்சியது ஒரே ஒரு கேபிள். அது பூட்டு அக்காவின் இழுப்பறையில். சாவி அவள் இடுப்பில்.

ஸ்டோர் முழுக்க அக்கா பொறுப்பு. கேபிள் வாங்க ஒரு கையெழுத்து, திருப்பிக் கொடுக்க ஒரு கையெழுத்து. யார் கொண்டுவந்தாலும் அதே பாட்டு: "ரெண்டு பக்கமும் கிளிப்பை அழுத்திட்டுத்தானே கழட்டின?" நேற்று மாலையும் பாடினாள். ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த புதுசு, "ஆமாக்கா, ஆமா" என்று கேபிளை மேசைமேல் போட்டுவிட்டுப் பறந்திருந்தாள்.

பதினொன்றரைக்கு மறுபடி போனாள். ஸ்டோர் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். பன்னிரண்டரைக்குப் போனபோதும் அதே தாழ்ப்பாள். ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், அக்கா கேபிளை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள், குழந்தைக்குப் பேன் பார்க்கிறவள் மாதிரி.

கையிலேயே வைத்துக்கொண்டா இல்லை என்கிறாள்?

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற புதுசு, அன்று மேனேஜர் அறையில் மூச்சுவிடாமல் பேசினாள். அவர் எழுதித் தரச் சொன்னார். எழுதியும் தந்தாள்.

மேனேஜர் ஸ்டோருக்கே வந்து, எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டார். "ஆபீஸ் சாமான்மா இது. உங்க பாட்டன் சொத்து இல்ல."

அக்கா மூணு மணிக்குத் தானே கொண்டுவந்து மாட்டுவதாகச் சொன்னாள். "வேற யாரும் தொட வேண்டாம் சார்."

சொன்னபடி வந்தாள். மாட்டினாள். போகவில்லை. லேப்டாப்பின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரோ தூக்கிக்கொண்டு ஓடிவிடப்போகிற மாதிரி பக்கத்திலேயே நின்றாள். கமிட்டித் தலைவர் நாற்காலியைக் காட்டினார். பரவாயில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

புதுசுக்கு வந்த எரிச்சலில் இரண்டு வாக்கியம் விட்டுப்போயிற்று. நடுவில் அக்கா ஒரு தும்மல் போட்டாள். திரை இருண்டது. புதுசு திரும்பி ஒரு முறை முறைத்தாள். இவள் வேண்டுமென்றேதான் செய்கிறாள். அடுத்த நொடி படம் வந்துவிட்டது.

நாற்பது நிமிஷம். ஒருவழியாக முடிந்தது. கமிட்டிக்குத் திருப்திதான். தலைவர் மட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த ஆறு மாசத்துல ஏதாவது பொருளை உடைச்சிருக்காங்களா? அப்படி ஒண்ணு பதிவாகியிருந்தா நிரந்தரம் பண்ண விதி இடம் தராது."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். புதுசும் பார்த்தாள். அத்தனை திட்டு வாங்கியவள், இப்போது என்ன சொல்வாளோ.

"அவ பேர்ல ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.

தலைவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணிக்கு ஸ்டோர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போனாள் புதுசு. அக்காவிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்துகொண்டு போனாள். அக்கா மூலையில் குழாயடியில் நின்று வலது கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து, வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது.

ரிஜிஸ்டர் திறந்தே கிடந்தது. நேற்றைய தேதி, மாலை ஐந்து ஐம்பது. புதுசின் பெயருக்கு நேரே அக்காவின் குண்டுக் கையெழுத்தில், 'நல்ல நிலையில் பெறப்பட்டது.'

அதற்குக் கீழே இன்னொரு வரி. மாலை ஆறு பத்து. 'பட்டைக் கேபிள். ஒரு கிளிப் முறிவு. ஒன்பது ஊசிகள் வளைவு. கையால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே வேலை செய்யும். உடைத்தவர்: ஸ்டோர் பொறுப்பாளர்.'

நேற்று பஸ்ஸை நினைத்துக்கொண்டே இழுத்த ஒரே இழுப்பு, இப்போதுதான் புதுசின் கைக்கு ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்தாள். எழுத ஓடவில்லை.

"கையெழுத்துப் போட என்ன இவ்வளவு நேரம்?" குழாயை மூடிவிட்டு அலுப்போடு வந்தாள் பூட்டு அக்கா. "கிளிப்பை அழுத்திட்டுக் கழட்டுன்னு உனக்கு எத்தன தடவதான் சொல்றது?"