ஜீப் அடங்கிய நாள்

லோகாம்பாளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அப்பாதுரை ஜீப்பின் பின்கதவைச் சாத்தினார்.

தொப்பென்று ஒரு சத்தம். தலையணை கீழே விழுந்தது போல. அவ்வளவுதான்.

போன வாரம் வரை அந்தக் கதவைச் சாத்தினால் தென்னேரி ஏரியில் இருக்கிற கொக்கெல்லாம் எழுந்து பறக்கும்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். முகமெல்லாம் பல்.

லோகாம்பாள் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். தகரமே தெரியவில்லை. கறுப்பு மெத்தையாக இருந்தது.

காஞ்சிபுரத்தில் சீட் கவர் கடை வைத்திருக்கும் டேனியலின் கைவேலை அது. தரையைப் பெயர்த்து, தகரத்தின் மேல் தார் ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்து, அதற்கு மேல் ஃபோம் போட்டிருந்தான். கதவுக்குள் இருக்கும் பொந்துகளில், தறிக்காரர்களிடம் வாங்கிய பட்டுக் கழிவு நூலைத் திணித்திருந்தான். வேறு ஊரில் பஞ்சு வைப்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுதான் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

"ண்ணா, இனிமே வண்டி ஓடுதா நிக்குதான்னு வெளிய எட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும்" என்று வேலைக்கு நடுவே சிரித்தான் டேனியல்.

"வீட்ல அவங்களுக்கு முடியலபா. புத்துநோய், எலும்புல எறங்கிடுச்சி. ஆஸ்பத்திரிக்கு இதுலதான் வருவேன்றாங்க" என்றார் அப்பாதுரை.

டேனியலின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேட்காமலே பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு ஷீட் ஒட்டினான்.

மகன் விமல்ராஜிடம் ஏசி கார் இருக்கிறது. முதல் தடவை அதில்தான் போனார்கள். அடுத்த வாரமே லோகாம்பாள் மாட்டேன் என்றுவிட்டாள். "உன் கார்ல மூச்சு முட்டுதுடா. அப்பா ஜீப்பே போதும்."

ஊரே ஓட்டை டப்பா என்று கேலி செய்கிற வண்டி. முன்னால் இருப்பவர் கத்திப் பேசினாலும் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது. அதில்தான் போவேன் என்று அவள் அடம்பிடித்ததில் அப்பாதுரைக்கு உள்ளூரப் பெருமை.

ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். முகம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கும், குரல் மட்டும் எழும்பாது. டீசல் புகை என்று அவர் கண்டுபிடித்தார். கதவு இடுக்குக்கெல்லாம் ரப்பர் கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

அவர் அப்படி. கண்ணில் பட்ட குறையை உடனே சரிசெய்தாக வேண்டும். கொடியில் காயும் அவளுடைய புடவைகளில் முந்தானை மட்டும் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்த அன்றே, வாலாஜாபாத் சந்தைக்குப் போய் எலிப்பொறி வாங்கி வந்தவர்.

மற்றபடி லோகாம்பாளால் யாருக்கும் தொல்லை இல்லை. பக்கத்து அறையில் பேத்தி அபி பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு முனகல் கேட்டிருக்கமாட்டாள். "இந்தம்மா மாதிரி யாரும் தாங்க மாட்டாங்க" என்று நர்ஸே சொல்லியிருக்கிறாள்.

ஜீப் கிளம்பியது. எஞ்சின் பக்கத்துத் தெருவில் ஓடுவது போலிருந்தது.

"இன்னாங்க" என்றாள் லோகாம்பாள். சாதாரணக் குரலில் சொன்னதே அவருக்குக் கேட்டது. "இனிமே இது கத்தவே கத்தாதா?"

"கத்தாது. நீ மூச்சு உட்டாகூட எனக்குக் கேக்கும்."

சந்தோஷத்தில் அவள் வாயடைத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டார்.

வாலாஜாபாத் தாண்டியதும் ஜல்லி லாரிகள் நசுக்கிப்போட்ட சாலை. முதல் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அப்பாதுரை காதைத் தீட்டிக்கொண்டார். பின்னாலிருந்து சத்தமே இல்லை. அடுத்த பள்ளம் பெரியது. அதிலும் இல்லை.

டேனியலுக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"வலிக்குதா லோகா?"

பதில் வராததால் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடியில் அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எஞ்சினோடு சேர்ந்து அதுவும் உதறிக்கொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் லோகாம்பாள் அதில் ஒரு புடவை நிறமாகத்தான் தெரிவாள். இன்று அது சுவரில் மாட்டியது போல அசையாமல் நின்றது.

கண்ணாடியில் லோகாம்பாள் கண்ணை இறுக மூடியிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன.

சாலை சமமானதும் துணியை வெளியே எடுத்தாள். ஈரமான முனையை நீவிவிட்டு, மடியில் பிரித்துப் போட்டுக்கொண்டாள். பழகிய கை.

"ஒண்ணும் வலிக்கல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அப்பாதுரை சாலையைப் பார்த்தார். தூரத்தில் அடுத்த பள்ளம் தெரிந்தது.

கியரை இரண்டாவதற்கு இறக்கி, வண்டி பழையபடி கத்தட்டும் என்று ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தார்.

பக்கத்தில் பைக்கில் போனவன் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.