சரியாகச் சொன்னால் புத்தகம் இலவசம்

மகள் முதல் விடையை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

‘நெட்டை’ என்று யாரோ எழுதியிருந்தார்.

பாவம், இவருக்குப் புத்தகம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. போட்டி முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் பத்துப் புத்தகங்கள் பழுப்புத் தாள் சுற்றி, டேப் ஒட்டி, முகவரி எழுதுவது மட்டும் பாக்கியாக இருந்தன. எழுதியவன் நான். அச்சடித்தவனும் நானே. மீதி இருநூற்றுத் தொண்ணூறும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

ஓசியில் கொடுத்தாலாவது நாலு பேர் படிப்பார்கள் என்று மகள்தான் யோசனை சொன்னாள். கால்பந்து ரசிகர்களுக்கென்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, என் பெயரையும் அட்டையையும் மறைத்து, ஒரே ஒரு கேள்வி போட்டாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் லீக் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்தைக் கோட்டைவிட்டது யார்? விடையை உள்பெட்டியில் அனுப்பவும். சரியாகச் சொல்பவர்களில் பத்துப் பேருக்குக் குலுக்கலில் புத்தகம்.

சரியான விடை நான்தான்.

அப்போது நான் கோல்கீப்பர். கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் ‘பசை’ என்று பெயர். எனக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன் நெட்டை. அன்றைக்கு அவன் தலையால் பின்னுக்குத் தட்டித் தந்த பந்தை, ஒரு குழந்தைகூடப் பிடித்திருக்கும், நான் இரண்டு கைக்கும் நடுவில் விட்டேன். கோப்பை போச்சு.

அந்த வாரமே ஊரை விட்டு ஓடினேன். மீசையை எடுத்தேன். பத்திரிகையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு சொந்த அக்கா மகன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, எவனாவது “என்ன பசை, நல்லா ஒட்டுதா?” என்று கேட்டுவிட்டால்? வேற்றூரில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்து, ஃபிரிட்ஜ்களின் முதுகுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டே காலம் தள்ளினேன். நெட்டை மூன்று கடிதம் போட்டான். திட்டத்தான் எழுதியிருப்பான் என்று பிரிக்காமலே கிழித்தேன்.

ஐம்பது வயதில் திடீரென்று வீரம் வந்து எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினேன். ஊர் என்னை மன்னிக்கட்டும், இல்லை காறித் துப்பட்டும், இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் இந்தப் போட்டிக்கே சம்மதித்தேன்.

“அப்பா, எல்லாரும் நெட்டைன்னுதான் எழுதியிருக்காங்க” என்றாள் மகள்.

நூற்று முப்பத்தெட்டு விடைகள். ஒருவர் ஒரு கிரிக்கெட் வீரரின் பெயரை எழுதியிருந்தார். ஒருவர் புத்தகத்துக்குப் பதிலாக பனியன் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். மற்றபடி எங்கு பார்த்தாலும் நெட்டை. பசை என்று ஒரு மனுஷன் எழுதவில்லை.

ஒருவர் பழைய பத்திரிகைத் துண்டையே படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘நெட்டையின் சேம் சைடு கோல்: கோப்பை பறிபோனது.’ கூடவே, ‘அவர் எங்க தெருதான். இன்னைக்கும் அவர் கடைக்குப் போனா பசங்க சேம் சைடு அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க’ என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகள் நாலு.

எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? வருத்தம் இல்லை. ஏமாற்றம். இருபத்தாறு வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறேன், மீசை போச்சு, சொந்தபந்தம் போச்சு, ஊரில் ஒரு நாய்க்குக்கூட என்னை ஞாபகம் இல்லையாம்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் நெட்டையைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டேன்.

கடைசி விடை நெட்டையே அனுப்பியது. படத்தில் தலை முழுக்க நரைத்து, பேத்தியைத் தோளில் தூக்கி வைத்திருந்தான்.

‘ஐயா, அது நான்தான். என் தலையில பட்டு நேரா உள்ளே போயிடுச்சுன்னு அன்னைக்கே பேப்பர்காரங்ககிட்ட நானே சொன்னேன். எனக்குப் புத்தகம் வேணாம். அதுல எங்க கோல்கீப்பரைப் பத்தி ஏதாவது இருந்தா மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அவன் ரோஷக்காரன். தாங்க மாட்டான்.’

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகம் முழுவதையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள்தான்.

“அப்பா, அந்த ஏழாவது அத்தியாயம்...” என்றாள்.

எனக்குத் தெரியாதா? ‘பந்தை விட்டவன் நான்தான்’ என்று பெரிய மனுஷனாட்டம் தொடங்கும் அத்தியாயம். அடுத்த சொல் ‘ஆனால்’. அந்த ஆனால் நாலு பக்கம் ஓடும். நெட்டை இன்னும் நிதானமாகத் தட்டியிருக்கலாம், ஒரு குரல் கொடுத்திருக்கலாம், எதற்கு வம்பு என்று வெளியே அடித்திருக்கலாம். எவ்வளவு நேர்மையாக எழுதுகிறோம் என்று எனக்கு அன்று கண் கலங்கியது வேறு.

பத்துப் பொட்டலங்களையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மகளிடமிருந்து போனை வாங்கினேன். யாருக்கும் தெரியாமல் நெட்டைக்கு மட்டும் எழுதத்தான் விரல் போனது. புத்தி எங்கே போகும்! இழுத்துப் பிடித்து, ஊர் முழுக்கப் பார்க்கிற பக்கத்திலேயே முடிவைப் போட்டேன்.

‘நெட்டை உட்பட எல்லாருடைய விடையும் தப்பு. பந்தை விட்டது பசை, அதாவது நான். அவன் தந்தது நல்ல பந்து.’